பழைய பட்டடை வாங்கும் முன்: "1 2 11" என்ற பொறிப்பைப் பற்றி ஓர் ஐயம்

வெருலம்_புதியவன்

அனைவருக்கும் வணக்கம். கொல்லுலை வேலையைக் கற்கத் தொடங்கி ஆறு மாதங்களே ஆகின்றன. இதுவரை ஒரு கனமான இரும்புத் துண்டை மரக்கட்டையில் அறைந்து வைத்து, அதன் மீதே கொக்கியும் ஆணியும் அடித்துப் பழகி வருகிறேன். இப்போது இங்கே தென்னாப்பிரிக்காவில், வெருலத்துக்கு அருகில் ஒரு பழைய இரும்புக் கடையில், சூடான இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கறுப்பு வண்ணம் புதிதாகப் பூசப்பட்டிருக்கிறது. மேல்முகம் கண்ணாடியைப் போல் பளபளக்கிறது, ஒரு பள்ளம்கூட இல்லை. பக்கவாட்டில் வண்ணத்துக்கு அடியில் எழுத்துகள் தெரிகின்றன. அவற்றில் "ரைட்" என்பதை மட்டும் படிக்க முடிந்தது, கீழே 1 2 11 என்ற எண்கள் தள்ளித் தள்ளிப் பொறிக்கப்பட்டுள்ளன. கடைக்காரர் அதை 121 கிலோ என்று சொல்லி, கிலோ கணக்கில் விலை கேட்கிறார். நானும் என் நண்பரும் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தபோது அவ்வளவு எடை இருக்கும் என்று தோன்றவில்லை. இதை எப்படி மதிப்பிடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

டங்காட்_உலை

தம்பி, அந்த எண்கள் கிலோவும் அல்ல, வரிசை எண்ணும் அல்ல. இங்கிலாந்தில் செய்த பழைய பட்டடைகளில் எடையை அந்தர் கணக்கில் மூன்று எண்களாகப் பொறிப்பார்கள். முதல் எண் முழு அந்தர், ஒவ்வொன்றும் 112 ராத்தல் (பவுண்டு). இரண்டாவது எண் கால் அந்தர், ஒவ்வொன்றும் 28 ராத்தல், ஆகவே அந்த இடத்தில் 3-க்கு மேல் எண் வரவே வராது. மூன்றாவது எண் மீதமுள்ள ராத்தல், அது 27-ஐத் தாண்டாது. உங்கள் பட்டடைக்கு 112, அதோடு 56, அதோடு 11 சேர்த்தால் 179 ராத்தல் ஆகிறது, அதாவது சுமார் 81 கிலோ. கடைக்காரர் தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்பது நமக்கு வேண்டாம், ஆனால் 40 கிலோவுக்குக் காசை வீணாகக் கொடுத்திருப்பீர்கள். அவருடைய தராசிலேயே ஏற்றி நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

"ரைட்" என்று முடிவது பீட்டர் ரைட் ஆக இருக்கலாம். டட்லி நகரில் செய்யப்பட்டவை, உலகம் முழுவதும் போனவை. வண்ணத்தைச் சுரண்ட வேண்டாம். கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். இல்லையென்றால் ஒரு மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேயுங்கள். அந்தப் பெயரோடு வட்டமாக "சாலிட் ராட்" (Solid Wrought) என்ற சொற்களும் வந்தால் ஐயமே இல்லை, அது அடித்துச் செய்த தேனிரும்பு உடல்.

மாரிட்ஸ்பர்க்_பழம்பொருள்

பெயரைப் பார்த்து மயங்குவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். நேட்டாலுக்குக் கப்பலில் வந்த பட்டடைகளில் பெயர் தெரியாதவையே நிறைய. அவற்றில் சில, பெயர் பொறித்தவற்றைவிட நன்றாக இருக்கும். ஷெஃபீல்டு நகரில் செய்த மவுஸ் ஹோல் பட்டடைகள் இங்கே அவ்வப்போது கிடைக்கின்றன. அவற்றில் ஓர் எலியின் உருவம் பொறித்திருப்பதும் உண்டு. ஸ்வீடனின் கோல்ஸ்வாவும் சோடர்ஃபோர்சும் முழுவதும் வார்ப்பு எஃகு. அவற்றின் மேல்முகம் மிகக் கடினம், அதனால் விளிம்பு நொறுங்கும் வழக்கமும் அவற்றுக்கு அதிகம்.

இன்னொன்று. இந்த நாட்டில் பட்டடையின் உடலில் உள்ள வேறு முத்திரைகளையும் பாருங்கள். 1910-க்கு முந்தைய நேட்டால் அரசு ரயில்வேயின் பொருள்களிலும், அதற்குப் பின் வந்த தென்னாப்பிரிக்க ரயில்வேயின் பொருள்களிலும் அந்தந்த ரயில்வேயின் ஆங்கில முதலெழுத்துகளைப் பொறித்திருப்பார்கள். பிரிட்டிஷ் படைக்குச் சொந்தமானவற்றில் மேல்நோக்கிய அகன்ற அம்புக்குறி இருக்கும். 1899-இல் தொடங்கிய போயர் போரின்போது படைக் குதிரைகளுக்கு லாடம் அடிப்பதற்கென்று இலகுவான பட்டடைகள் வந்தன. இவை எல்லாம் பட்டடையின் கதையைச் சொல்லுமே தவிர, அது இன்று எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாது.

உளியோசை

எனக்குத் தெரிந்த ஒரே சோதனை ஓசைதான். சிறிய சுத்தியலால் மேல்முகத்தில் தட்டினால் கோயில் மணியைப் போல் ஒலிக்க வேண்டும். ஒலிக்காத பட்டடையை நான் வாங்குவதில்லை. என் தாத்தாவும் அப்படித்தான் சொல்வார்.

டங்காட்_உலை

உளியோசை ஐயா, உங்கள் தாத்தாவின் சொல்லை நான் மறுக்கவில்லை, ஏனென்றால் அவர் காலத்தில் இங்கே வந்தவை பெரும்பாலும் தேனிரும்பு உடலும் எஃகு முகமும் கொண்டவை, அவை ஒலிக்கும். ஆனால் அந்தச் சோதனையை மட்டும் நம்பினால் இரண்டு பக்கமும் ஏமாறலாம். அமெரிக்காவின் ஃபிஷர் பட்டடை வார்ப்பிரும்பு உடலின் மேல் எஃகுத் தகட்டை ஒட்டி வார்த்தது. அது "டொக்" என்றுதான் கேட்கும், ஆனால் வேலைக்கு அருமையானது. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வராமல் இருக்க அதைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு. மறுபுறம், நன்றாக ஒலிக்கும் பட்டடையை மண்தரையில் வைத்துத் தட்டினாலோ, கனமான சங்கிலியைச் சுற்றியிருந்தாலோ ஒலி செத்துப் போகும். ஓசையைக் கேட்க வேண்டியது வேறொன்றுக்காக: மேல்முகம் முழுவதும் நகர்த்தி நகர்த்தித் தட்டும்போது ஒரே ஓர் இடத்தில் மட்டும் "சரசர" என்று அதிர்ந்து ஓசை உடைந்தால், அங்கே எஃகுத் தகடு உடலிலிருந்து விட்டுப் போயிருக்கிறது என்று பொருள். அந்த நோய்க்கு மருந்து கிடையாது.

முக்கியமான சோதனை துள்ளல்தான். 25 மி.மீ. பேரிங் குண்டு ஒன்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். ஒரு அளவுகோலை மேல்முகத்தில் நிமிர்த்தி வைத்து, 25 செ.மீ. உயரத்திலிருந்து குண்டைத் தள்ளாமல் அப்படியே விடுங்கள். முதல் துள்ளலில் அது எவ்வளவு உயரத்துக்கு வருகிறது என்று பாருங்கள். நல்ல எஃகு முகத்தில் 18 செ.மீ.க்குக் குறையாமல் வரும், மிக நல்லதில் 22-ஐத் தாண்டும். 12-க்குக் கீழே நின்றால் வார்ப்பிரும்பாக இருக்கலாம் அல்லது தோய்ச்சல் (சூடேற்றித் தோய்த்து ஏற்றிய கடினம்) போன எஃகாக இருக்கலாம். சோதிக்கும் இடத்தில் வண்ணமோ துருவோ இருந்தால் துடைத்துவிடுங்கள், அது குண்டின் வேகத்தைத் தின்றுவிடும். கடை இரைச்சலில் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யாமல் ஒவ்வோர் இடத்திலும் மூன்று தடவையாவது விடுங்கள்.

சாட்ஸ்வர்த்_கம்மியர்

புதியவர் தம்பிக்கு ஓர் எச்சரிக்கை. "மேல்முகம் கண்ணாடி போல் பளபளக்கிறது" என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடனேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. நூறு ஆண்டு அடிபட்ட பட்டடை பளபளப்பாக இருக்கலாம், ஆனால் சமதளமாக இருக்காது. நடுவில் கொஞ்சம் தொய்வும் விளிம்பில் கொஞ்சம் உடைவும் இருப்பதுதான் இயல்பு. அப்படி இல்லையென்றால் யாரோ அரைத்திருக்கிறார்கள் அல்லது இயந்திரத்தில் சீவியிருக்கிறார்கள்.

நானே அந்தப் பாவத்தைச் செய்தவன். பல ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கிடைத்த ஒரு நல்ல பட்டடையில் நடுவில் 4 மி.மீ. தொய்வு இருந்தது. எனக்குத் தெரிந்த ஓர் இயந்திரக் கூடத்தில் கொண்டு போய்க் கொடுத்து, மட்டமாக்கித் தரச் சொன்னேன். மட்டமாகத்தான் வந்தது. ஆனால் அடுத்த வாரம் ஒரு தடித்த கம்பியை அடித்தபோது, அந்தக் கம்பியின் சுவடு பட்டடையின் முகத்திலேயே விழுந்தது. வெண்ணெயில் விரல் வைத்தது போல. பட்டடையின் மேல் இருக்கும் எஃகுத் தகடு பெரும்பாலும் 12 முதல் 18 மி.மீ. வரை தடிமன்தான், அதிலும் தோய்ச்சலின் வலிமை மேல்பக்கத்தில்தான் அதிகம். அதைச் சீவி எறிந்துவிட்டு அழகைப் பார்த்துக் கொண்டிருந்தேன். 4 மி.மீ. தொய்வோடு இருந்தபோது அது நல்ல பட்டடை, வளைந்த கம்பியை நிமிர்த்துவதற்கு அந்தப் பள்ளம் உதவியாகவே இருந்தது.

ஆகவே முன்னால் கூம்பாக நீளும் கொம்புக்கும் மேல்முகத்துக்கும் இடையில் உள்ள அந்தச் சிறிய படியைப் பாருங்கள். சீவப்பட்ட பட்டடையில் படியின் உயரம் குறைந்து, சில சமயம் அது படியே இல்லாதது போல் ஆகிவிடும். மேல்முகத்தில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகளும் இயந்திரத்தின் வேலையைக் காட்டிக் கொடுக்கும்.

வெருலம்_புதியவன்

அண்ணன்மார்களுக்கு நன்றி. இன்று மறுபடியும் போய் வந்தேன், எழுத்தைத் தேய்த்துப் பார்த்ததில் பீட்டர் ரைட் என்பதும் சாலிட் ராட் என்பதும் உறுதியாகிவிட்டன. தராசில் ஏற்றியபோது 79 கிலோ காட்டியது. படியின் உயரம் 11 மி.மீ. மட்டுமே. மேல்முகத்தின் அளவு ஏறத்தாழ 38 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். குண்டை விட்டதில் நடுவில் 15 செ.மீ., படிக்கு அருகில் 13, கொம்புக்கு எதிர்முனையான வால் பக்கம் 11 செ.மீ. வந்தது. படியின் மேல் விட்டபோது 7 செ.மீ. கூட வரவில்லை. அரத்தை மேல்முகத்தின் ஓரத்தில் மெதுவாக இழுத்துப் பார்த்தேன், கொஞ்சம் கடித்தது. இதைப் பார்த்தால் படி பகுதியில் ஏதோ பெரிய கோளாறு இருப்பதாகத் தோன்றுகிறது.

டங்காட்_உலை

படியில் கோளாறு இல்லை. அந்தப் படியில் எஃகுத் தகடு கிடையாது, மென்மையான உடலே வெளியே தெரிகிறது. இரும்பை உளியால் வெட்டும்போது உளியின் வாய் மழுங்காமல் இருக்க அங்கே வைத்துத்தான் வெட்டுவார்கள். படியில் உளிச் சுவடு இருந்தால் அது முறையாகப் பயன்படுத்திய பட்டடை, மேல்முகத்தில் உளிச் சுவடு இருந்தால் அது அறியாதவர் கையில் இருந்த பட்டடை. வால் பக்கம் துள்ளல் குறைவதும் இயல்புதான், அங்கே அடியில் தாங்குவதற்கு இரும்பு இல்லை. அதனால் வாலை வைத்து மதிப்பிடாதீர்கள்.

உங்களைக் கவலைப்பட வைக்க வேண்டியது நடுவில் வந்த 15. அடியில் பட்டடையின் ஒடுங்கிய நடுப்பகுதியான இடுப்பு முழுவதும் தாங்கும் இடத்தில் அது 18-ஐத் தொட்டிருக்க வேண்டும். அரம் கடித்ததும் அதே கதையைத்தான் சொல்கிறது. நல்ல முகத்தில் அரம் கண்ணாடியில் வழுக்குவது போல் வழுக்கிப் போகும்.

சாட்ஸ்வர்த்_கம்மியர்

எடையும் அதையே சொல்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். பொறித்த எடை 81 கிலோ, தராசு காட்டியது 79. விளிம்பில் பெரிய உடைவு எதுவும் இல்லை என்றால் அந்த 2 கிலோ எங்கே போயிற்று? ஒரு கன சென்டிமீட்டர் எஃகு சுமார் 7.85 கிராம். 38-ஐ 10-ஆல் பெருக்கினால் 380 சதுர செ.மீ. பரப்பு. அந்தப் பரப்பில் ஒவ்வொரு மில்லிமீட்டரைச் சீவினாலும் ஏறத்தாழ 300 கிராம் போகும். 2 கிலோ என்றால் 6 முதல் 7 மி.மீ. வரை போயிருக்கிறது. கடைத் தராசில் கொஞ்சம் பிழை இருக்கலாம், தேய்மானத்திலும் கொஞ்சம் போயிருக்கும், ஆனாலும் படியின் உயரமும் துள்ளலும் அரமும் ஒரே பக்கம் சாய்கின்றன. தகட்டில் பாதியை யாரோ விற்பனைக்காக அழகுபடுத்துவதற்குத் தின்றிருக்கிறார்கள்.

உளியோசை

அப்படியானால் மேலே கடின எஃகை வெல்டிங் செய்து நிரப்பிவிடலாமே? அதற்கென்றே கம்பிகள் விற்கிறார்கள்.

சாட்ஸ்வர்த்_கம்மியர்

முடியும், செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஐயா, அது ஒரு புதியவரின் வேலை அல்ல. முழுப் பட்டடையையும் 200 டிகிரிக்குச் சூடேற்றி, வெல்டிங் முடியும்வரை அந்தச் சூட்டிலேயே வைத்திருந்து, பிறகு சாம்பலிலோ போர்வையிலோ மூடி மெல்ல ஆற வைக்க வேண்டும். குளிர்ந்த இரும்பில் நேராக வெல்டிங் செய்தால் ஓரத்தில் வெடிப்பு விழும், முதல் சம்மட்டி அடியில் துண்டு பறக்கும். கம்பி, எரிவாயு, அரைப்பு, உழைப்பு என்று எல்லாம் சேர்த்தால் வேறு ஒரு பட்டடையே வாங்கிவிடலாம்.

மாரிட்ஸ்பர்க்_பழம்பொருள்

இதைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். இந்தக் கரையோரத்தில் ஒரு தனிப்பட்ட ஆபத்து உண்டு. கரும்புத் தோட்டங்களில் இருந்த எத்தனையோ பழைய கொட்டகைகள் ஏதாவது ஒரு காலத்தில் தீப்பிடித்திருக்கின்றன. அந்தத் தீயில் கிடந்த பட்டடையின் தோய்ச்சல் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் எடையும் சரியாக இருக்கும், முகமும் உடையாமல் இருக்கும், ஓசைகூடக் கொஞ்சம் வரும். ஆனால் குண்டு சோம்பேறியாக எழும். முகத்தில் ஆரஞ்சுத் தோலைப் போல் சொரசொரப்பும், உதிர்ந்த செதில் தடமும், விளிம்பே இல்லாமல் எங்கும் மழுங்கிய தோற்றமும் இருந்தால் ஐயப்படுங்கள். துருவைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். கடற்காற்றில் துரு பிடிக்காத பட்டடை இங்கே ஏது? கம்பித் தூரிகையால் தேய்த்து எண்ணெய் பூசினால் போதும்.

தம்பி இப்போது பயன்படுத்தும் இரும்புத் துண்டு தண்டவாளமாக இருந்தால் ஒரு வார்த்தை. அதைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்திக் கட்டையில் பொருத்தினால், அடி விழும் இடத்துக்கு நேர் கீழே முழு எடையும் இருக்கும், சிறிய வேலைக்கு அது பல மலிவான புதுப் பட்டடைகளைவிட நன்றாக இருக்கும். ஆனால் தண்டவாளத் துண்டை எவரிடமிருந்து வாங்கினாலும் ரசீது கேளுங்கள். 2009-ஆம் ஆண்டின் பழைய பொருள் வணிகச் சட்டத்தின்படி கடைக்காரர்கள் பதிவு செய்துகொண்டு, வாங்கிய பொருளுக்குக் கணக்கும் வைத்திருக்க வேண்டும். திருட்டுத் தண்டவாளத்தில் கை வைத்தால் அடி நமக்கும் விழும்.

பினிக்ஸ்_லாடம்

நான் நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். கடைகளில் நீலமும் சிவப்பும் பூசி விற்கும் புதிய சிறிய பட்டடைகள் எப்படி? விலை குறைவாக இருக்கிறதே என்று என் மகனுக்கு ஒன்று வாங்க நினைத்தேன்.

டங்காட்_உலை

அம்மா, வார்ப்பு எஃகில் செய்த புதியவை நல்லவையாகவும் கிடைக்கின்றன. ஆனால் வார்ப்பிரும்பில் செய்தவை பட்டடையின் வடிவம் மட்டும் கொண்ட பொருள்கள். அவற்றில் சுத்தியல் இறங்கும், ஆனால் எழாது. நாள் முழுவதும் நம் கைதான் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும். விளிம்பில் ஓர் அடி தவறினால் பிஸ்கட்டைப் போல் உடைந்து துண்டு பறக்கும். கொம்பின் நடுவில் அச்சுப் பொருந்திய கோடு தடித்துத் தெரிந்தால், அரத்தை ஒரு தடவை மேல்முகத்தில் இழுத்துப் பாருங்கள், எதிர்ப்பே இல்லாமல் பொடி உதிர்ந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். மகனுக்கு ஒரு கனமான எஃகுக் கட்டை போதும். ஆலைகளில் கழித்த தண்டுகளின் துண்டுகள் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும். கையில் பிடிக்கும் சுத்தியலைப் போல் ஐம்பது மடங்கு எடை பட்டடைக்கு வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. ஒரு கிலோ சுத்தியலுக்கு 50 கிலோ.

வெருலம்_புதியவன்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். அந்தப் பளபளப்பான பட்டடையை விட்டுவிட்டேன். கடைக்காரரிடம் கணக்கைச் சொல்லி, வெறும் பழைய இரும்பு விலைக்குக் கேட்டேன், அவர் சிரித்துவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

பிறகு டங்காட் பக்கத்தில் ஒரு பெரியவர் வீட்டுக் கொல்லையில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கோழிக்கூண்டின் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். பெயர் எதுவும் தெரியவில்லை. கொம்பின் அடியிலும் இடுப்பின் கீழும் சதுரத் துளைகள் இருக்கின்றன, மேல்முகத்தில் கருவி செருகும் சதுரத் துளையும் இரும்பில் துளை போடும்போது உதவும் வட்டத் துளையும் இருக்கின்றன. பக்கவாட்டில் துருவைத் தேய்த்தபோது, முகத்துக்கு ஒரு விரற்கடை கீழே நீளமாக ஓடும் மெல்லிய இணைப்புக் கோடும், அதற்குக் கீழே மரத்தின் நார் போன்ற வரிகளும் தெரிந்தன. எண்களில் 1 0 என்பது மட்டும் தெளிவு, மூன்றாவது எண் துருவில் போய்விட்டது. எங்கள் பக்கி வண்டியில் (பின்புறம் திறந்த சிறிய சரக்கு வண்டி) ஏற்றிக்கொண்டு போய் நிறுத்தபோது 58 கிலோ. நடுவில் 3 மி.மீ. தொய்வு. எதிர்ப்பக்க விளிம்பில் கட்டைவிரல் நகம் அளவு இரண்டு உடைவுகள். குண்டு நடுவில் 20 செ.மீ. எழுந்தது, படிக்கு அருகில் 19. எங்கே தட்டினாலும் ஓசை உடையவில்லை. அரம் வழுக்கியது.

சாட்ஸ்வர்த்_கம்மியர்

1 0 என்றால் 112 ராத்தல், மூன்றாவது எண் எதுவாக இருந்தாலும் 51-க்கும் 63 கிலோவுக்கும் இடையில்தான் வரும். 58 சரியாகவே பொருந்துகிறது. கொம்புக்கு அடியிலும் இடுப்பிலும் உள்ள அந்தச் சதுரத் துளைகள் செய்த காலத்தில் கம்பியைச் செருகிச் சூடான பட்டடையைத் தூக்கித் திருப்புவதற்காகப் போட்டவை, அடித்துச் செய்ததற்கு அது சாட்சி. நார் போன்ற வரி தேனிரும்பு. நல்ல பொருள். அரைக்கும் இயந்திரத்தை அதன் பக்கத்தில்கூடக் கொண்டு போகாதீர்கள். உடைந்த விளிம்பின் கூர்மையை மட்டும் கை அரத்தாலோ எண்ணெய்க் கல்லாலோ உருட்டிவிடுங்கள், இல்லையென்றால் அடிக்கும் இரும்பில் ஒவ்வொரு தடவையும் வெட்டு விழும். எதிர்ப்பக்கம் உடைந்திருந்தால் பட்டடையைத் திருப்பி வைத்துக்கொண்டு நல்ல விளிம்பில் வேலை செய்யலாம்.

வெருலம்_புதியவன்

விளிம்பை எண்ணெய்க் கல்லால் உருட்டிவிட்டேன். யூகலிப்டஸ் அடிமரம் ஒன்றை அறுத்து, கையை முட்டியாக மடக்கித் தொங்கவிட்டால் விரல் முட்டி தொடும் உயரத்துக்குச் சரிசெய்து, நான்கு பக்கமும் இரும்புப் பட்டையால் இறுக்கி வைத்திருக்கிறேன். வாலின் அடியில் ஒரு பெரிய காந்தத்தை ஒட்டியவுடன் ஓசை பாதியாகக் குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆயா ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, "என்னப்பா, இன்றைக்கு வேலை இல்லையா?" என்று கேட்டார். அப்போது நான் மூன்றாவது கொக்கியை அடித்துக்கொண்டிருந்தேன்.